சின்னவள் பெயரில் ஒரு ஊசி

கைபேசி சின்னவளுடையது. அதில் வந்த செய்தியை எடுத்துப் படித்தது பெரியவள். அந்த வீட்டில் அதுதான் நடைமுறை. சின்னவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பெரியவள் செய்தியைப் படித்து முடித்து, அதன்மேல் ஒரு தீர்ப்பும் சொல்லியிருப்பாள்.

அன்று படித்தாள். தீர்ப்பு வரவில்லை.

"யாரு அக்கா? என்னவாம்?" சின்னவள் டீ வடிகட்டியபடியே கேட்டாள்.

"கோவிட் ஊசி. எழுபத்தஞ்சு ஆனவங்களுக்கு இன்னொரு பூஸ்டர் போடறாங்களாம். உன்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"என்னை மட்டுமா?"

"உன்னை மட்டும்தான். நீதானே வீட்டுக்குப் பெரிய மனுஷி!"

கைபேசியை மேசைமேல் கொஞ்சம் ஓசைப்பட வைத்தாள் பெரியவள். வயிறு எரிவது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் ஊசிக்காகவும் எரியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

பெரியவளுக்கு எழுபத்தைந்து முடிந்துவிட்டது. சின்னவளுக்கு இன்னும் ஆகவில்லை. அப்படியிருக்க, அழைப்பு சின்னவளுக்கு வந்ததன் காரணகர்த்தா அவர்களுடைய அப்பா. நல்ல மனிதர், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பெண்களையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனவர், தலைமை ஆசிரியர் கேட்ட கேள்வியில் அரண்டுபோய், மூத்தவளின் பிறந்த தேதியை இளையவளுக்கும் இளையவளுடையதை மூத்தவளுக்கும் சொல்லிவிட்டார். பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போனால், பெற்ற பிள்ளைகளின் வயசுகூடத் தெரியாதா என்று சிரிப்பார்களே! ஒன்றரை வயசு வித்தியாசம்தானே, அதனால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

குடி முழுகத்தான் செய்தது, பெரியவளுடையது. அக்காவும் தங்கையும் ஒரே நாளில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்களாகச் சேர்ந்தார்கள். ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவருக்குத்தான் பதவி உயர்வில் முன்னுரிமை என்பது விதி. சின்னவள் சூப்பர்வைசர் ஆனாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெரியவள் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருப்பாள். முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கும். "லைன்ல ஆள் காத்திருக்காங்க" என்று தங்கை குரல் கொடுப்பாள். யாருடைய முதுகு? பிறந்த குழந்தையாக இருந்த அவளை எட்டிப் பார்த்து, 'பாப்பா வேணாம்' என்று மழலையில் சொன்னவளுடைய முதுகு. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த இணைப்பைச் சொருகுவாள்.

ஓய்வு பெறும் நேரத்தில் மட்டும் காகிதம் கட்சி மாறியது. சின்னவள் வீட்டில் உட்கார்ந்த பிறகும் பெரியவள் ஒன்றரை வருஷம் சம்பளம் வாங்கினாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை.

பெரியவளின் கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. சின்னவள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். இருவரும் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீட்டில், ஒரே அலமாரியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

"எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள் சின்னவள், டீயை நீட்டியபடி. "போன தடவை ரெண்டு நாள் கை தூக்க முடியல. காய்ச்சல் வேற. போட்ட வரைக்கும் போதும்."

வேறு சமயமாக இருந்தால் பெரியவள் ஒரு பிரசங்கமே செய்திருப்பாள். இதுவரை வந்த ஒவ்வொரு ஊசிக்கும் முதல் ஆளாக வரிசையில் நின்றவள் அவள். தங்கையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்ததும் அவள்தான். இன்றைக்கு, "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லி டீயைக் குடித்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். மறுநாள் தம்பியிடமிருந்து போன் வந்தது.

தம்பி என்றால், இருவருக்கும் வெகுகாலம் கழித்துப் பிறந்த கடைக்குட்டி. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, மூக்கைத் துடைத்து, பாடம் சொல்லிக் கொடுத்து வளர்த்தது பெரியவள். சின்னவள் செய்ததெல்லாம் அவனைச் சிரிக்க வைத்ததுதான். இந்த வேலைப் பிரிவினையைப் பெரியவள் ஒரு நாளும் மறந்ததில்லை, பிறரை மறக்க விட்டதும் இல்லை. அவனுக்கு இப்போது சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான்.

"எப்ப வர்றீங்க ரெண்டு பேரும்?" என்றான். குரல் நூலாக இளைத்திருந்தது. "சுவத்தைப் பாத்துப் பாத்துப் பைத்தியம் புடிக்குது."

பெரியவள் நாள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தம்பியின் மனைவி போனை வாங்கினாள். அவள் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டையும் அதே கறாரோடு நடத்துகிறவள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. புது சிறுநீரகத்தை உடம்பு ஏத்துக்கறதுக்காக இவரோட எதிர்ப்புச் சக்தியையே மருந்து கொடுத்து அடக்கி வச்சிருக்காங்க. ஒரு சின்னத் தொத்து வந்தாலும் தாங்க மாட்டார். உள்ளே வர்றவங்க புது பூஸ்டர் போட்டு ரெண்டு வாரமாவது ஆகியிருக்கணும். ஊசி போட்டாச்சுன்னு வர்ற மெசேஜை எனக்கு அனுப்பிடுங்க. போடாதவங்க தோட்டத்துப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே நின்னு பாத்துக்கலாம். என் கூடப் பிறந்த அண்ணனையே அங்கதான் நிக்க வச்சேன்."

போனை வைத்ததும் சின்னவளின் முகத்தில் ஒரு யோசனை ஓடியதைப் பெரியவள் பார்த்தாள். "அப்படின்னா போட்டுக்கலாமோ..." என்று இழுத்தாள் சின்னவள்.

பெரியவளுக்கு எல்லாம் ஒரே வீச்சில் தெரிந்தது. சின்னவள் ஊசி போட்டுக்கொள்வாள். தம்பியின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். இடுப்பு கோணும் வரை அவனைச் சுமந்த பெரியவளோ செடிகொடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கண்ணாடிக்கு வெளியே கையாட்ட வேண்டும். இதிலும் இவள் முந்திக்கொள்வதா? இந்த ஒன்றிலுமா?

"யோசிச்சுச் செய்டீ" என்றாள். தன் குரல் அவ்வளவு அக்கறையாக ஒலித்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "உனக்கு ஏற்கனவே படபடப்பு."

அன்றிலிருந்து ஆரம்பித்தாள். இதுவரை வந்த மாத்திரத்தில் அழித்துக்கொண்டிருந்த வாட்ஸப் வதந்திகளை இப்போது சத்தமாக வாசித்துக் காட்டினாள். யாருக்கோ கை விளங்காமல் போய்விட்டதாம். யாருடைய மாமாவோ ஊசி போட்ட நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாராம். எழுதியது யார், நடந்தது எங்கே என்று எதிலும் இருக்காது. சுத்தப் புளுகு என்று பெரியவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாசித்தாள். சின்னவள் ரொட்டியைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த வாரக் கடைசியில், "வேண்டாம்க்கா, நாம ரெண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியிலேயே நின்னுக்கலாம்" என்று முடிவு சொன்னாள்.

பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் பொறாமைக்கு அதோடு திருப்தி இல்லை. தங்கை போகக் கூடாது என்பது பாதிதான். தான் போக வேண்டும் என்பது மீதி. தனியாகக் கிளம்பி ஊசி மையத்துக்குப் போனாள். மேசையில் இருந்த பெண் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்களுக்கு இன்னும் வயசாகலம்மா."

"ஆயிடுச்சு."

"அட்டையில ஆகலியே."

"அட்டைக்கு என்ன தெரியும்? என்னைப் பாத்துச் சொல்லு. முழங்காலைப் பாரு, முடியைப் பாரு."

"நெஜமாச் சொல்றேன், பாத்தா எழுபதுகூடச் சொல்ல முடியாது" என்றாள் அந்தப் பெண், கிழவியைக் குளிர்விப்பதாக நினைத்துக்கொண்டு. வேறு எந்த நாளாக இருந்தாலும் பெரியவள் அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் வைத்துக் கொண்டாடியிருப்பாள். அன்று அவளுக்கு எரிச்சல்தான் மூண்டது. தான் கிழவிதான் என்று சண்டை போட்டும் தோற்றுப்போய் வெளியே வந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வீட்டில் வந்து பொருமித் தீர்த்தாள். கேட்டுக்கொண்டிருந்த சின்னவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அவ்வளவு ஆசையா இருந்தா என் அட்டையை எடுத்துட்டுப் போய் நீயே போட்டுக்கோயேன். முகமூடி போட்டுட்டா நீ யாரு, நான் யாரு?" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். பெரியவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே தங்கையின் அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, சற்றுத் தள்ளியிருந்த இன்னொரு மையத்துக்குப் போனாள். அங்கே ஓர் இளைஞன் அட்டையைப் பார்த்தான், முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தான். ஒரே அச்சில் வார்த்த முகங்கள்தானே, சந்தேகம் வரவில்லை.

"பிறந்த தேதி சொல்லுங்கம்மா."

பெரியவள் சொன்னாள். சொல்லும்போதுதான் கவனித்தாள், தான் சொல்வது தன்னுடைய உண்மையான பிறந்த தேதி. பள்ளிக்கூடம், வேலை, ஓய்வூதியம் என்று வாழ்நாளெல்லாம் உண்மையான அட்டையை நீட்டிப் பொய்த் தேதியைச் சொல்லி வந்தவள், இப்போது பொய் அட்டையை நீட்டி உண்மைத் தேதியைச் சொல்லிவிட்டாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்க் கையை நீட்டினாள்.

தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியபோது சின்னவள் வாசலிலேயே நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, நெஜமாவே என் அட்டையில போட்டுட்டியா? ஊசி போட்டாச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்துது! தம்பி பொண்டாட்டிக்கு அனுப்பிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை என்னை வரச் சொல்லியிருக்கா!"

பெரியவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் யோசித்ததெல்லாம் ஊசியை எப்படி வாங்குவது என்பதுவரைதான். ஊசி தன் உடம்பில் ஏறும், செய்தி தங்கையின் போனில் ஏறும் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் மகள்தானே! வலி அவளுக்கு, வரவேற்பு இவளுக்கு.

அன்று ராத்திரி வந்த காய்ச்சலும் பெரியவளுக்குத்தான். சின்னவள் நெற்றியில் ஈரத்துணி போட்டு, சூப் காய்ச்சிக் கொடுத்து, உபசாரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பிறகு வந்த நாட்கள் பெரியவளுக்கு நரகம். சின்னவள் தம்பிக்காக ஒரு கம்பளிக் குல்லா பின்ன ஆரம்பித்தாள். எக்ஸ்சேஞ்சில் அந்தக் காலத்தில் வெளியூருக்கு டிரங்க் கால் கேட்டுக் கத்துகிறவர்களின் குரல்களைச் சின்னவள் அப்படியே செய்துகாட்டுவாள், தம்பி சின்னப் பையனாக இருந்தபோது அதைக் கேட்டு உருண்டு புரண்டு சிரிப்பான். இப்போது குளியலறைக்குள் நின்று அந்தக் குரல்களுக்கெல்லாம் ஒத்திகை பார்த்தாள். காது மடல் சூடாகக் கேட்டுக்கொண்டு பெரியவள் வெளியே நின்றாள்.

போகட்டுமே, என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அந்த மனத்தைத் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வந்து நின்றது. இவள் உடம்பில் அந்த ஊசி இல்லை. கடைக்குப் போகிறாள், பஸ்ஸில் ஏறுகிறாள், எதிர் வீட்டில் போய் மணிக்கணக்காகப் பேசுகிறாள். ஒரு தொற்றைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால்? சின்னத் தொற்றையும் தாங்க மாட்டார் என்றாளே அவன் மனைவி! உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அட்டையை மாற்றிய குட்டு உடையும், தணிக்கைக்காரி இருவரையுமே வாசலில் நிறுத்துவாள். சொல்லாவிட்டால் தம்பியின் உயிரோடு விளையாட்டு.

சனிக்கிழமை மத்தியானம் சின்னவள் மறுநாளைக்கு உடுத்தத் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் போய் எதிரே நின்றாள்.

"நீ நாளைக்கு உள்ளே போகக் கூடாது."

"ஏன்?"

"ஊசி போட்டது நீ இல்ல. அவனுக்கு ஏதாவது ஒட்டிக்கும்."

"நீ போட்டுட்டே, நாம ஒரே வீட்டுலதானே இருக்கோம்? அதுவுமில்லாம அந்த ஊசியே விஷம்னு தினமும் வாசிச்சுக் காட்டினது யாரு? அது இல்லாம போறதுதானே அவனுக்கு நல்லது?"

பெரியவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தான் விதைத்ததைத்தான் தங்கை நம்பிக்கையாகத் திருப்பிக் கொடுக்கிறாள்.

"அதெல்லாம் பொய்டீ."

"எது?"

"நான் வாசிச்சது எல்லாம். பொய்னு தெரிஞ்சுதான் வாசிச்சேன். எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு வாசிச்சேன். பொறாமை. வேற ஒண்ணும் இல்ல."

இஸ்திரிப் பெட்டி ரவிக்கையின் ஒரே கைமேல் போய்ப் போய் வந்தது. துணி கருகிவிடும் என்று பெரியவள் பயந்தாள். சின்னவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எக்ஸ்சேஞ்சுல நான் உன் நாற்காலிக்குப் பின்னால வந்தா உன் கழுத்து விறைச்சுக்கும்" என்றாள். "எனக்குத் தெரியும்க்கா. மத்தவங்க பின்னால ஒரு தடவை நடப்பேன். உன் பின்னால வேணும்னே ரெண்டு தடவை நடப்பேன்."

"பாவி!"

"நீ மட்டும்?"

சிரிப்பதா அழுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை. சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். "நீயே பேசு. உன் வாயாலயே சொல்லு."

பெரியவள் தம்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அப்பா உளறியதிலிருந்து ஆரம்பித்தாள், வேறு எங்கே ஆரம்பிப்பது?

"சரி அண்ணி, எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ஊசி உங்க உடம்புல இருக்கு. மெசேஜ் அவங்க போன்ல இருக்கு."

"ஆமாம்மா."

"நாப்பது வருஷம் காகிதம்தான் பாத்தேன். இந்த ஒரு விஷயத்துல எனக்குக் காகிதம் வேண்டாம், ஊசிதான் வேணும். நாளைக்கு நீங்க உள்ளே வாங்க. சின்ன அண்ணி ஜன்னல்ல நிக்கட்டும். திங்கக்கிழமை ரெண்டு பேரும் அந்த மையத்துக்குப் போய் உண்மையைச் சொல்லி, திட்டு வாங்கிட்டு, அவங்க பேர்ல இருக்கறதைத் திருத்துங்க. அப்பதான் அவங்களுக்கும் போடுவாங்க." சற்று நிறுத்தி, "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே?" என்றாள்.

போனை வைத்தபோது பெரியவளுக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, சந்தோஷம். அவள்தான் உள்ளே போகிறாள். கடைசியில் அவள்தான்!

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். வாசலில் சின்னவள் குல்லாவைக் கொடுத்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தாள். அந்த நடையைத் திரும்பிப் பார்க்காமல் பெரியவள் கையைக் கழுவி, புது முகமூடி மாட்டி, தம்பியின் அறைக்குள் போனாள்.

அவன் பாதியாகியிருந்தான். கட்டிலின் ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஜன்னல். ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி தயாராக இருந்தது. பெரியவள் அதில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனை வருஷமாக இந்தக் கை! நகம் வெட்டிவிட்ட கை, எழுதப் பழக்கிய கை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தம்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவளை விட்டுக் கதவைப் பார்த்தான்.

"சின்னக்கா வரலியா?" என்றான்.

ஓர் ஊசி முனை அளவுக்கு, போட்ட இடத்தைவிட ஆழமாக, எங்கோ குத்தியது. அவள் குல்லாவை அவன் தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டாள். சொல்லாமலேயே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வரவில்லை, உடம்பு சரியில்லை என்று சொன்னால் தீர்ந்தது. இன்று ஒரு நாள், முழுசாக, அவளுக்கே அவளுக்கு.

அப்போது கண்ணாடிக்கு வெளியிலிருந்து அந்தக் குரல் கேட்டது. டிரங்க் கால் கிடைக்காமல் கத்துகிற யாரோ ஒரு வியாபாரியின் குரல். "ஹலோ! ஹலோ! யாரும்மா லைன்ல? எவ்வளவு நேரமா நிக்கிறேன்!"

தம்பியின் முகம் மலர்ந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். இந்தப் பக்கம் எக்கிப் பார்த்தான், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்தது அவள்தான்.

அவன் கையை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து, நாற்காலியை எடுத்துக் கால்மாட்டில் போட்டுக்கொண்டாள்.